பழைய வீடும் பேய்க் கதையும்

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது நம் முன்னோர் வாக்கு. சிறு வயது முதலே இதைக் கேட்டிருக்கிறோம். கட்டுரை ஏடுகளிலும் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆயினும் சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, தன் அன்னையுடனும் தங்கையுடனும் தோவாளைப் பக்கத்துப் பழைய வீடொன்றில் குடியேறிய பிறகுதான், இப்பழமொழிக்கு மற்றொரு பக்கமும் உண்டென்று அறிந்தோம். பிறர் அரண்டுபோவதால் ஆதாயம் அடைகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள் என்பதே அது.

தோழியின் தந்தையார் இறைவனடி சேர்ந்தபின், நகரத்தில் வாடகை கொடுத்து வாழ இயலவில்லை. அன்னையார் பிறந்த வீடு பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. வேறு போக்கிடம் இல்லாத மூவரும், இரண்டு டிரங்குப் பெட்டிகளும் ஒரு தையல் இயந்திரமுமாக அங்கே வந்து இறங்கினர். வந்த அன்றே ஊரார் சொன்ன முதல் சொல், “அந்த வீட்டிலா? குமரிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டா?” என்பதுதான்.

தோழி இரண்டு வாரம் சரியாக உறங்காமல் வகுப்புக்கு வந்தாள். காரணம் கேட்டபோது அழுதாள். அறிவியல் பாடம் கற்பிக்கும் அருட்சகோதரி அவளைத் தேற்றி, “வீட்டைப்பற்றி ஊரார் சொல்வதையெல்லாம் ஓர் ஏட்டில் எழுதிக் கொண்டு வா. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்” என்றார். அந்த ஏட்டிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. தோழியின் இசைவுடனும் அவள் அன்னையாரின் இசைவுடனும் எழுதுகிறோம்.

இரவின் ஓசைகள்

ஏட்டின் முதல் வரி: “மச்சில் யாரோ நடக்கிறார்கள்.” நம் மாவட்டத்துப் பழைய வீடுகளில் ஓட்டுக் கூரைக்குக் கீழே பலகையால் மச்சு அமைத்திருப்பார்கள். பகல் வெயிலில் மரமும் ஓடும் சூடேறி விரிகின்றன. இரவில் குளிர்ந்து சுருங்குகின்றன. உத்திரமும் பலகையும் பொருந்தும் இடங்கள் அப்போது ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கென்று ஒலிக்கும். கேட்பவர் காதுக்கு அது காலடிச் சத்தம்! எஞ்சிய ஓசைக்கு உரியவர் மரநாயார். பழமும் பதநீரும் கள்ளும் தேடி இரவில் உலாவும் இப்பிராணி, ஆளில்லா வீட்டு மச்சைப் பகலில் படுக்கையறையாகக் கொள்ளும். தோழி வீட்டு மச்சில் பலா விதைகளும் எச்சமும் கிடந்தன. பேய் பலாப்பழம் தின்னுமா என்று தங்கை கேட்டாளாம்!

இரண்டாவது வரி: “பின்கட்டில் ஒரு பெண் அழுகிறாள்.” தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரைத் தாண்ட வழி தேடும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய் அதற்கு ஒரு புனல்போல் அமைந்துவிடுகிறது. அகன்ற வெளியில் பரவிவந்த காற்று ஒடுங்கிய வழியில் புகும்போது வேகம் கொள்ளும். முப்பந்தல் பகுதியில் எண்ணற்ற காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் இதுவே. ஆலையின் இறக்கையைச் சுழற்றும் அதே காற்று, உடைந்த ஜன்னல் சட்டத்திலும் சாவித் துவாரத்திலும் நுழைந்தால் புட்டியின் வாயில் ஊதியதுபோல் ஓலமிடும். பின்கட்டு ஜன்னலில் ஒரு பலகையை அடித்ததும் அழுகை பெரும்பாலும் நின்றது.

மூன்றாவது: “வெள்ளை உருவம் ஒன்று ஓசையின்றிப் பறந்தது, பிறகு சீறியது.” அது கூகை. அதன் அடிப்பக்கம் வெண்மை. முகம் இதய வடிவம். இறகுகளின் ஓரம் மெல்லிய இழைகளாகப் பிரிந்திருப்பதால் பறக்கும் ஓசை கேட்பதில்லை. ஆந்தையைப்போல் அலறாமல் கீச்சென்று கத்தும், குஞ்சுகள் சீறும். எலிகளைத் தின்று வயலைக் காக்கும் இந்த உழவர் நண்பனைச் சாவுக்குருவி என்று கல்லெறிந்து விரட்டுகிறோமே, இது நன்றிகெட்ட செயல் அல்லவா?

நான்காவது, தோட்டத்து ஏழிலைப் பாலை மரம். “அதில் யட்சி இருக்கிறாள், மணம் வந்தால் அவள் வருகிறாள்” என்பார்கள். அம்மரம் மழைக்காலத்தின் பின்பகுதியில் கொத்துக்கொத்தாகப் பூக்கும். இரவில் வரும் பூச்சிகளை அழைக்கவே அதன் மணம் இருட்டிய பின்னர் ஓங்குகிறது. சிலருக்கு அம்மணம் தலைவலி தரும். தலைவலிக்கு யட்சியைக் குறை கூறுவதைவிட, மரத்தடியில் கட்டில் போடாதிருப்பதே நல்லது.

ஐந்தாவது, சுவரில் தோன்றும் உருவங்கள். இதைக் கொத்தனார் ஒரே சொல்லில் விளக்கினார்: “ஓதம்.” மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது, நீர் உலர்ந்ததும் அதிலிருந்த உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. மழைக்கு மழை அதன் எல்லை மாறும். நேற்று கைபோல் இருந்தது இன்று முகம்போல் தெரியும்.

ஆறாவது வரிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. “பின்பக்கத்துக் கிணற்றில் இறங்கியவரைப் பேய் பிடித்து அமுக்கும்.” இதில் பேய் பொய்; ஆபத்து மெய். நெடுநாள் பயன்படாத கிணற்றில் இலைகுப்பைகள் மக்கும்போது கரியமில வாயு உண்டாகிறது. அது காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. காற்றோட்டமில்லாத குழியின் அடியில் தங்கிவிடும். அதற்கு நிறமில்லை. இறங்குகிறவர் மூச்சு முட்டிச் சில நொடிகளில் நினைவிழப்பார். அவரைக் காப்பாற்ற இறங்குகிறவரும் அவ்வாறே விழுவார். முற்காலத்தில் விளக்கைக் கயிற்றில் இறக்கி, அணைகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் எரியும் வாயுக்களும் நஞ்சு வாயுக்களும் அங்கே இருக்கக்கூடும். ஆகையால் விளக்கை நம்பி இறங்கக் கூடாது. தோழியரே, தம்பிமார் பந்து எடுக்க இறங்கப் பார்த்தாலும் தடுத்துவிடுங்கள். யாரேனும் விழுந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்தாரை 101 அல்லது 112 என்ற எண்ணில் அழையுங்கள், பின்னால் குதிக்காதீர்கள்.

பழைய கதைகளை எள்ளி நகையாடுவது எளிது. கிணற்றுப் பேய்க் கதை எத்தனை குழந்தைகளைக் கிணற்றடியிலிருந்து விலக்கி உயிர் காத்திருக்கும்! காரணம் தெரியாத காலத்தில் நம் பாட்டிமார் வைத்த வேலி அது. காரணம் தெரிந்த பிறகு வேலியைப் பிடுங்கிவிட்டுக் கிணற்றுக்கு மூடி போடவேண்டியது நம் கடமை.

பேய்கள் ஏன் பெண்களாகவே இருக்கின்றன?

ஏட்டை முடித்தபோது எங்களுள் ஒருத்தி கேட்டாள்: “எல்லாக் கதையிலும் பேய் ஏன் பெண்ணாகவே இருக்கிறது?” வகுப்பு அமைதியாயிற்று.

நம் மாவட்டத்தில் யாவரும் அறிந்த கதை நீலி கதை. கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டாகப் பாடப்படுகிறது. அதில் பல வடிவங்கள் உண்டு, சாரம் இதுதான். நகைகளுடன் தன்னை நம்பிவந்த பெண்ணை, கள்ளிக்காட்டில் தன் மடியில் தலைவைத்து உறங்கும்போது, ஒருவன் கல்லால் அடித்துக் கொன்று நகைகளைக் கவர்ந்து சென்றான். கண்ட சாட்சி கள்ளிச்செடி ஒன்றே. அவள் மறுபிறவியில் நீலியாகி, கள்ளிக் கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வணிகனாகப் பிறந்திருந்த அவனைத் தொடர்ந்து வந்தாள். “இவர் என் கணவர், என்னைக் கைவிட்டார்” என்று ஊர்ப் பெரியோர் எழுபது பேர் முன்னே முறையிட்டாள். அவர்கள், “உனக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்” என்று வணிகனுக்கு வாக்களித்து இருவரையும் ஒரு வீட்டில் இருத்தினர். அன்றிரவே அவள் பழிதீர்த்தாள். வாக்குத் தவறாத எழுபதின்மரும் தீயில் இறங்கினர். நீலியையே இசக்கி என்று இங்கு பலர் வழிபடுகின்றனர். முப்பந்தலில் உள்ள இசக்கியம்மன் கோயில் பெயர்பெற்றது. குழந்தை வரம் வேண்டும் பெண்கள் அங்கே தொட்டில் கட்டுகின்றனர்.

நாம் இக்கதையை நம் சமய நம்பிக்கையாகக் கொள்வதில்லை. ஆனால் அதன் கருத்தைக் கேட்கக் காது வேண்டும். இடுப்பில் குழந்தையுடன் ஒரு பெண் வந்து, “எனக்கு ஒரு வீடு வேண்டும், எனக்கு நீதி வேண்டும்” என்று ஊரைக் கேட்கிறாள். முதற் பிறவியில் அவளுக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. உயிரோடு இருந்தபோது யாரும் கேளாத குரலைத்தான், இறந்தபின் பேயின் குரல் என்று ஊர் கேட்கிறது.

தோழியின் வீட்டுக் கதையும் இப்படியே முடிந்தது. பின்கட்டில் அழுவது யார் என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டோம். முதலில் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “அது பேயில்ல மக்களே. எனக்கச் சின்ன வயசில அந்த வீட்டுப் பொண்ணு ஒருத்தி, மாப்பிள்ளை செத்துக் கைப்பிள்ளையோட திரும்பி வந்தா. உள்ள விடல்ல. பின்கட்டுத் திண்ணையில மூணு நாளு இருந்து அழுதா. பெறவு எங்க போனாளோ, யாருக்கும் தெரியாது. அந்த அழுகைதான் இன்னும் கேக்குதுன்னு சொல்லுவாவ.”

நாங்கள் யாரும் பேசவில்லை. தோழியின் அன்னையார் மட்டும் எழுந்து போய்ப் பின்கட்டுத் திண்ணையைப் பெருக்கினார்.

வாசற்படியில் நின்ற சட்டங்கள்

ஏன் உள்ளே விடவில்லை? மனிதரின் கல் நெஞ்சம் ஒரு காரணம். அக்காலத்துச் சட்டம் மற்றொரு காரணம்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா சென்றவர்கள், 1550ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டதாகக் கூறப்படும் தாய்க் கொட்டாரத்தைக் கண்டிருப்பீர்கள். தாய் வழியே குடும்பம் எண்ணப்பட்ட நாடு நம் வேணாடு. ஆயினும் தாய்வழி என்றவுடன் எல்லாத் தாய்மாருக்கும் வீடு கிடைத்தது என்று எண்ணிவிடலாகாது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே இருந்த மருமக்கள் வழி முறையில், ஒருவரின் சொத்து அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. அவர் இறந்ததும் மனைவியும் மக்களும் திண்டாடினர். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இக்கொடுமையையே ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்ற நூலில் நகைச்சுவையும் கண்ணீருமாகப் பாடினார். 1926இல் திருவிதாங்கூரில் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிலைமையை மாற்றியது.

கிறிஸ்தவர்களாகிய நம் நிலை என்ன? 1916இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் தந்தை இறந்தால், மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது. விதவைக்கு அனுபவ உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போகும்.

இதை எதிர்த்து நின்றவர் மேரி ராய் என்னும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண்மணி. கணவரைப் பிரிந்து, சிறு மகனுடனும் மகளுடனும் ஊட்டியில் தம் காலஞ்சென்ற தந்தையாரின் வீட்டில் தங்கியிருந்தார். மகளுக்கு அதில் உரிமையில்லை என்று சொல்லி உடன்பிறந்தவர் அவரை வெளியேறச் சொன்னார். திருவிதாங்கூர்ச் சட்டம் தமிழ்நாட்டிலுள்ள வீட்டுக்குச் செல்லாது என்று அறிந்து அவர் அங்கேயே நின்றார். பின்னர்க் கோட்டயத்தில் 1967இல் ஒரு பள்ளி தொடங்கினார். சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1986 பிப்ரவரி 24இல் தீர்ப்பு வந்தது: 1951 ஏப்ரல் 1 முதலே பழைய சட்டம் மறைந்துவிட்டது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும். அதன்படி, உயில் இல்லாதபோது விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சம பங்கு. ஊட்டி வீட்டில் அன்னையுடன் இருந்த அந்தச் சிறு மகள்தான் 1997இல் புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர் அருந்ததி ராய். மேரி ராய் 2022இல் காலமானார்.

இந்துக் குடும்பத்துத் தோழியரும் அறியவேண்டியது உண்டு. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்றிருந்தது. ஆண் வாரிசுகள் தாமாகப் பிரிக்கும்வரை குடியிருக்கும் வீட்டைப் பிரித்துத் தருமாறு மகள் கேட்க முடியாது. மணமாகாதவள், கைவிடப்பட்டவள் அல்லது பிரிந்தவள், விதவை ஆகியோர் தங்கியிருக்க மட்டும் உரிமை உண்டு என்றது அது. தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் வந்த திருத்தங்கள் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு உரிமை தந்தன. 2005இன் திருத்தம் அந்த 23ஆம் பிரிவையும் நீக்கியது. அவ்வுரிமை மகளுக்குப் பிறப்பினாலேயே வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

திருமறைக்கு இது புதிதன்று. எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தில் செலொபுகாதின் புதல்வியர் ஐவர் மோசேயின் முன் வந்து, மகன் இல்லாமையால் தந்தையின் பெயர் மறையலாமா என்று பங்கு கேட்டனர். அவர்கள் கேட்டது முறையே என்று ஆண்டவர் கூறினார். ஐவரும் வாசலில் நின்று வெளிப்படையாகக் கேட்டார்கள் என்பதை மறவாதிருப்போம்.

சுண்ணாம்பும் கடுக்காயும்

வீடு உரிமையாக இருந்தால் மட்டும் போதாது. குடியிருக்கத் தக்கதாகவும் வேண்டும். ஒரு சனிக்கிழமை நாங்கள் பன்னிருவர் துடைப்பம் ஏந்திச் சென்றோம். வௌவால் எச்சம் நிறைந்த அறையை உலர்ந்தபடி கூட்டக் கூடாது. தண்ணீர் தெளித்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டே கூட்டவேண்டும். கதவுகளையெல்லாம் திறந்து வெயிலும் காற்றும் வரவிட்டோம்.

ஓதம் ஏறிய சுவரைச் சிமெண்டால் பூசிவிடலாம் என்றோம். முதிய கொத்தனார் தடுத்தார். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. மேலே சிமெண்டுப் பூச்சு போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சுவரை அரிக்கும் என்றார். நீற்றிய சுண்ணாம்பில் மணலும், ஊறவைத்த கடுக்காய் நீரும், கருப்பட்டி நீரும் சேர்த்து அரைத்துப் பூசினார். சுண்ணாம்பு எப்படி இறுகுகிறது தெரியுமா? காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டே அது மீண்டும் கல்லாகிறது. கிணற்றில் உயிரை வாங்கும் அதே வாயு சுவருக்கு உயிர் தருகிறது! பிறகு வெள்ளை அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தன்மையால் பூசணம் எளிதில் பிடிப்பதில்லை.

அன்று மாலை பங்குத் தந்தை வந்து வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பின்கட்டுத் திண்ணையில் அமர்ந்து அனைவரும் செபமாலை சொன்னோம். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவும் அவள் கைப்பிள்ளைக்காகவும் ஒரு பத்து மணி ஒப்புக்கொடுக்கவேண்டும் என்றார் தோழியின் அன்னையார். அவ்வாறே செய்தோம்.

உண்மையான பேய்

வெள்ளை அடித்த வாரமே நெருங்கிய உறவினர் ஒருவர் வந்தார். மிகுந்த அன்புடன் பேசினார். “இது பேய் வீடு; விலை போகாது. பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய்? இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடு. ஏதோ என்னால் ஆனதைத் தருகிறேன்” என்றார். அன்னையார் கையெழுத்திடத் தயாராகிவிட்டாராம். எங்கள் தோழிதான், “அம்மா, படித்துவிட்டுப் போடலாமே” என்றாள். படித்தாள். அது விடுதலைப் பத்திரம். அதில் ஒப்பமிட்டுப் பதிவு செய்தால் வீட்டில் உள்ள பங்கு முழுவதையும் விட்டுக்கொடுத்ததாகிவிடும்!

மரநாய், கூகை, காற்று ஆகிய எதுவும் அம்மூவரையும் வெளியேற்றியிராது. அந்த ஒரு தாள் வெளியேற்றியிருக்கும். ஆள் வராத வீட்டில் பேய்க் கதை வளர்கிறது. பேய்க் கதை வளர்ந்தால் வீட்டின் விலை தேய்கிறது. விலை தேய்ந்தால் யாருக்கு இலாபம் என்று கேட்கக் கற்றுக்கொண்டோம்.

அன்னையார் கையெழுத்திடவில்லை. சண்டையும் இடவில்லை. நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினார். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. வாரிசுச் சான்று, பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது ஆகியவற்றைத் திரட்டச் சொன்னார்கள். உறவினரையும் அழைத்துச் சமரசப் பேச்சு நடந்து வருகிறது. உறவும் முறியாமல் உரிமையும் போகாமல் முடியவேண்டும் என்று வேண்டுகிறோம்.

இதை வாசிக்கும் அன்னையரே, வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் பெண்மக்களுக்கும் சொல்லி வையுங்கள். தந்தையரே, உங்கள் காலத்திலேயே தெளிவாக எழுதி வையுங்கள். தோழியரே, வாசிக்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். அன்னையையும் இட விடாதீர்கள். படித்த பெண் வீட்டுக்கு விளக்கு என்று பேச்சுப் போட்டிகளில் முழங்குகிறோம். அந்த விளக்கு முதலில் காட்டவேண்டியது பத்திரத்தின் எழுத்துகளைத்தான்.

இப்போது அந்த வீட்டின் முன்கட்டில் தையல் இயந்திரம் ஓடுகிறது. எங்கள் பள்ளிச் சீருடைகளில் சில அங்கே தைத்தவைதாம். கிணற்றுக்குக் கம்பி மூடி வந்துவிட்டது. கூகை மட்டும் இன்னும் போகவில்லை. போகவேண்டாம் என்று தங்கை அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறாள். ஆனி, ஆடிக் காற்றில் எப்போதாவது பின்கட்டில் அழுகுரல் கேட்கத்தான் செய்கிறது. காற்றுதான் என்று தெரியும். ஆயினும் தோழியின் அன்னையார் அவ்வேளையில் பின்கதவைத் திறந்து வைக்கிறார். ஏன் என்று கேட்டோம். “யாராவது வந்தால் உள்ளே வரட்டுமே” என்றார்.

“பெண் என்றால் பேயும் இரங்கும்” என்பதும் நம் பழமொழியே. பேய் இரங்குவது இருக்கட்டும். மனிதராகிய நாம் இரங்குவோமாக.

— மேனிலை முதலாம் ஆண்டு மாணவியர்